முப்பது பசி அம்பேல்

எங்கள் எட்டாம் பிளாக் முதன்முதலாக நின்றது ஆடி மாதத்து ஒரு செவ்வாய்க்கிழமை காலை ஆறு நாற்பதுக்கு. தண்ணீர் லாரி வர இருபது நிமிடம் இருந்தது, என் மனைவி கோமளாவின் கம்பெனி பஸ் வர அரை மணி இருந்தது, ராத்திரி முழுக்கக் கழிவுநீர் இறைக்கும் நிலையத்தில் மோட்டாருக்குக் காவல் இருந்துவிட்டு வந்த நான் டீ டம்ளரை வாய்க்குக் கொண்டுபோய்க்கொண்டிருந்தேன். நின்றது என்று எங்களுக்குத் தெரியாது. டம்ளர் வாய்க்கு வந்தது, குடித்தேன், அவ்வளவுதான். ஆனால் குடித்து முடித்தபோது பத்தொன்பது வருஷமாக என் கண்களுக்குள் உறுத்திக்கொண்டிருந்த மணல் இல்லை, முதுகில் வலி இல்லை, அடுப்பு தானாக அணைந்திருந்தது, இட்லிப் பானையில் பன்னிரண்டில் ஏழு காணோம், பதினோரு வயது மகள் நிறைமதி மூலையில் லேப்டாப்பைக் கட்டிப்பிடித்துக்கொண்டு தேம்பிக்கொண்டிருந்தாள்.

"என்னாச்சு மதி?"

"அம்பேல் போட்டேன்ப்பா. எடுக்கத் தெரியல. இப்பத்தான் எடுத்தேன்."

அம்பேல் என்றால் எங்கள் பக்கத்துப் பிள்ளைகளுக்குத் தெரியும். ஓடிப்பிடித்து விளையாடும்போது செருப்பு அறுந்துவிட்டால், மூச்சு வாங்கினால், கால்சட்டை அவிழ்ந்துவிட்டால் கையைத் தூக்கி அம்பேல் என்று கத்த வேண்டும். கத்திவிட்டால் துரத்துகிறவன் எவ்வளவு கிட்ட இருந்தாலும் தொடக்கூடாது, எடுக்கும்வரை ஆட்டம் அப்படியே நிற்கும். அந்தச் சொல்லைத்தான் மதி அவள் செய்துகொண்டிருந்த வீடியோ கேமில் போட்டிருந்தாள். லேப்டாப் கோமளாவின் அண்ணன் மகளுக்குப் பள்ளிக்கூடத்தில் அரசாங்கம் கொடுத்தது, உயிர் போய் எங்களிடம் வந்தது. நான் பிரித்துப் பார்த்துப் பார்த்தே கற்றுக்கொண்டவன், ஒரு வாரத்தில் பேச வைத்தேன். விசைப்பலகையில் இடது மூலை பட்டன் மட்டும் உடைந்து போயிருந்ததால் என் காக்கிச் சட்டையிலிருந்து ஒரு பொத்தானை அறுத்து அந்த இடத்தில் ஒட்டினேன். அந்தப் பொத்தானை அமுக்கினால் அம்பேல், இரண்டு தரம் அமுக்கினால் எடுத்தாயிற்று. இரண்டு தரம் அமுக்குகிற விஷயத்தை மதி கேமில் எழுத மறந்துவிட்டதால்தான் அன்றைக்கு அவ்வளவு நேரம்.

"எவ்ளோ நேரம்?"

"தெரியல. கடிகாரமும் நின்னுடுச்சு. எனக்கு ரெண்டு தரம் பசிச்சுது."

மாடிக்கு மாடி ஓடியிருக்கிறாள். அடுப்புத் தீ பூ மாதிரி அசையாமல் நின்றதைப் பார்த்து பயந்து பிளாக்கில் இருந்த முப்பத்திரண்டு அடுப்பையும் அணைத்திருக்கிறாள். கீழ்வீட்டுக் குழந்தையின் மூக்கிலிருந்து பாதி வழிந்து நின்ற சளியைத் துடைத்திருக்கிறாள். கேட் வரைக்கும் போய்ப் பார்த்தபோது கேட்டுக்கு வெளியே ரோடு இல்லை, பஸ் இல்லை, படம் வரையாத நோட்டுப் பக்கம் மாதிரி வெள்ளையாக இருந்ததாம். "நான் பிளாக் வரைக்கும்தான்ப்பா வரைஞ்சிருக்கேன்" என்றாள்.

எங்கள் பிளாக்கில் யாரும் ஏன் எப்படி என்று கேட்கவில்லை. லிஃப்ட் நான்கு வருஷமாக ஏன் ஓடவில்லை என்று கேட்டுக் கேட்டு அந்தப் பழக்கமே விட்டுப்போன ஜனங்கள். அன்றைக்குச் சாயங்காலம் செகரட்டரி தனபாக்கியம் அக்கா, மொட்டை மாடிச் சாவி முதல் மோட்டார் ரூம் சாவி வரை இடுப்பில் கொத்தாகத் தொங்க, படியேறி வந்து வாசலில் நின்றாள்.

"வேதாசலம், காலையில உம் பொண்ணு இன்னாவோ பண்ணிச்சாமே?"

"சின்னப் புள்ளக்கா, தெரியாம..."

"நான் திட்டவா வந்தேன்? முட்டி வலி போன இடம் தெரியல. நாளைக்கும் போடச் சொல்லு."

இப்படித்தான் ஆரம்பித்தது. மறுநாள் ஒரு பசிக்குப் போட்டாள். அதற்கு மறுநாள் மூன்றாம் மாடி சாதிக் பாய், ஆட்டோ ஓட்டி ஓட்டி இடுப்பு கழன்றவர், "ரெண்டு பசி போடும்மா, உனக்குப் புண்ணியமாப் போவும்" என்றார். கடிகாரம் நின்றுவிடுவதால் நேரத்தை அளக்க வேறு வழி இல்லை. மதிக்கு ஒரு தரம் பசித்தால் ஒரு பசி, எங்களுக்கு அது ஒரு நல்ல தூக்கம். ஆவணி பிறப்பதற்குள் பிளாக் முழுக்க அந்தக் கணக்கிலேயே பேசியது. புருஷன் பொண்டாட்டி சண்டை முற்றினால் "ஒரு பசி போனாத்தான் இவங்களுக்கு புத்தி வரும்" என்றார்கள், பரீட்சைக்கு முந்தின நாள் பிள்ளைகள் "மூணு பசி அக்கா, ப்ளீஸ்" என்று கெஞ்சினார்கள், வேறு பிளாக்கிலிருந்து பெண் கேட்டு வந்தவர்களிடம் எங்கள் ஆட்கள் மற்ற வசதிகளோடு இதையும் சேர்த்துச் சொன்னார்கள். காலை ஆறு நாற்பதுக்குப் பிளாக் நிற்கும், ஆறு நாற்பதுக்கே நடக்கும், ஒரு நிமிஷம் குறையாது, பஸ் தவறாது, ஆனால் படியிறங்கி வருகிற முகமெல்லாம் ஊருக்குப் போய்விட்டு வந்த முகம் மாதிரி இருக்கும்.

நன்றி இல்லாத ஜனம் என்று சொல்ல மாட்டேன். அவளுக்குப் பசிக்குமே என்று வீட்டுக்கு வீடு ஒரு கிண்ணம் மூடி வைத்தார்கள், வெள்ளிக்கிழமை பாயசம், ஞாயிற்றுக்கிழமை சாதிக் பாய் வீட்டில் பிரியாணி. கிண்ணத்துக்கு அடியில் சீட்டு வைக்க ஆரம்பித்தது யார் என்று தெரியவில்லை. 'மதிம்மா, துணி மடிச்சு வெச்சுடு.' 'நாலு குடம் தண்ணி மேல ஏத்திடு கண்ணு, எப்படியும் சும்மாத்தானே இருப்பே.' 'பாப்பாவுக்கு எழுப்பாமலே தலை பின்னிடு.'

சும்மா என்ற சொல்லைத்தான் நான் யோசித்துக்கொண்டே இருக்கிறேன். இதெல்லாம் நடப்பதற்கு முன்னால், அந்தக் கேமை ஏன் செய்கிறாய் என்று எல்லாரும் அவளைக் கேட்பார்கள், அவள் "சும்மாத்தான்" என்பாள். இரண்டாம் மாடியில் ட்யூஷன் எடுக்கிற கிரேஸ் டீச்சர், நல்ல மனுஷி, "சும்மான்னா எப்படிம்மா, இதுல எதிர்காலம் இருக்கா, போட்டிக்கு அனுப்பப் போறியா, பெரிய கம்பெனிக்குப் போகணும்னு ஆசையா?" என்று கேட்டபோதும் அவள் யோசித்துப் பார்த்துவிட்டு "இல்ல டீச்சர், சும்மா" என்றாள். ஒரு பிள்ளை சும்மா ஒன்றைச் செய்வதை எங்களால் தாங்க முடியவில்லை. அதற்கு ஒரு உபயோகம் கிடைத்தவுடன் எங்களுக்கு நிம்மதியாக இருந்தது.

எனக்கும்தான். நானும் கேட்டேன். ஆவணியில் மூன்று நாள் தொடர்ந்து மழை பெய்து நிலையத்தில் இரண்டு மோட்டார் நின்று, இடுப்பளவு தண்ணீரில் நின்றுவிட்டு வந்த ஒரு காலையில், "மதி, இன்னிக்கு அப்பாவுக்காக ஆறு பசி" என்றேன். அவள் "சரிப்பா" என்றாள். அதற்கப்புறம் தினமும் ஆறாகிவிட்டது.

கார்த்திகைக் கடைசியில் ஒரு காலை, வாசலில் என் செருப்பைக் கழற்றும்போது அவள் செருப்பைப் பார்த்தேன். ஜூன் மாதம் பள்ளிக்கூடம் திறந்தபோது, வளர்கிற பிள்ளை என்று ஒரு விரல் இடம் விட்டு வாங்கியது. அதில் குதிகால் பட்ட தேய்மானம் செருப்பின் பின்விளிம்பையே தின்றிருந்தது, பாதிக் குதிகால் வெளியேதான் நிற்க வேண்டும். உள்ளே கோமளா அவளுடைய ஸ்கூல் பாவாடையின் கீழ் மடிப்பைப் பிரித்துக்கொண்டிருந்தாள்.

"இது எத்தினாவது தரம்?"

"மூணாவது" என்றாள், நிமிராமல்.

மதியை மொட்டை மாடிக்குப் போகிற படியில் உட்கார்த்தி வைத்துக் கேட்டேன். மாடிக் கதவு எப்போதும் பூட்டியிருக்கும், அந்தப் படிக்கு யாரும் வரமாட்டார்கள்.

"எங்களுக்கு நேரமே ஆவறதில்ல. உனக்கு?"

"எனக்கு ஆவுதுப்பா. கேம்ல இருக்கறதுதான நிக்கும். பண்றவ எப்படி கேம்ல இருப்பா?"

"அப்ப நீ மட்டும்..."

"தூங்குவேன். எந்திரிப்பேன். சீட்டு பாத்து வேலைய முடிப்பேன். உங்க யார் பக்கத்துலயாவது உக்காந்துப்பேன். நீ கண்ணு தொறந்துட்டே நிக்கிறியா, முதல்ல பயமா இருந்துச்சு. இப்ப பழகிடுச்சு."

"கேம் எதுவரைக்கும் வந்துது?"

"எங்கேப்பா, நேரமே இல்ல."

உலகத்திலேயே அவளுக்கு மட்டும்தான் நேரம் இருந்தது, அவள் நேரம் இல்லை என்றாள். அன்றைக்கு வேலைக்குப் போய், மோட்டார் எத்தனை மணி ஓடியது என்று எழுதுகிற கரும்பலகையில் அதை அழித்துவிட்டு மகள் ஓடிய நாளைக் கூட்டினேன். ஒரு நாளைக்கு மூன்று பசி என்று வகுத்தால், ஆடியிலிருந்து இதுவரை எங்களுக்குத் தெரியாமல் அவள் தனியாக வாழ்ந்து முடித்தது இருநூற்று நாற்பது நாள். சாக்பீஸ் கையில் நின்றுவிட்டது. அவளுக்குப் பதினோரு வயதுதான் என்று ரேஷன் கார்டு சொல்லிக்கொண்டிருந்தது. செருப்பு வேறு சொன்னது.

இனி போடாதே என்று சொல்லியிருக்கலாம். சொன்னேன். மறுநாள் காலை பிளாக் நிற்கவில்லை. கீழ்வீட்டில் குழந்தையை அடிக்கிற சத்தம், சாதிக் பாய் படியிறங்க முடியாமல் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார், தனபாக்கியம் அக்கா முட்டியைப் பிடித்துக்கொண்டு எங்கள் வாசலில்.

"இன்னாபா, புள்ளைக்கு உடம்பு கிடம்பு சரியில்லையா?"

"அதுக்கு வயசாவுதுக்கா. சீக்கிரம் சீக்கிரமா வளருது."

"யோவ், புள்ளைன்னா வளரத்தான்யா செய்யும்!"

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். கோமளாவைப் பார்த்தேன். கதவை மூடிய பிறகு சொன்னாள்: "எனக்கும் தெரியும். பாவாடையைப் பிரிச்சுத் தைக்கிறது யாரு, நான்தான். ஒவ்வொரு தரமும் ஊசிய குத்திக்கறேன். ஆனா அந்த ஒரு பசி இல்லன்னா நான் அந்த பஸ்ல காலு வெக்க மாட்டேன்யா. உக்காந்துடுவேன்." பிறகு அழுதாள். மதி இரண்டு பேரையும் பார்த்தாள், போய்ப் பொத்தானை அமுக்கினாள். அழுதுகொண்டிருந்த கோமளாவின் முகம் கண்ணிமைக்கும் நேரத்தில் துடைத்து, தலை வாரி, பொட்டு வைத்திருந்தது.

தை பிறப்பதற்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை பெரிதாக ஒன்று போடுவது என்று பிளாக்கில் கூடி முடிவெடுத்தார்கள். முப்பது பசி. பத்து நாள் சுற்றுலா போய்வந்த மாதிரி இருக்கும் என்றார் கிரேஸ் டீச்சர், இருபது வருஷமாக எங்கேயும் போகாதவர். என்னை யாரும் கேட்கவில்லை, மதியைக் கேட்டார்கள், அவள் "சரி அத்தை" என்றாள். அவளுக்கு மறுத்துப் பேச வரவில்லை. அத்தனை நாள் அசையாத முகங்களோடு இருந்தவளுக்குப் பேச்சே குறைந்துவிட்டிருந்தது.

அந்த ஞாயிறு காலை ஆறரைக்கு எல்லாரும் கீழே வாசலுக்கு வந்துவிட்டார்கள். பாய், தலையணை, சிலர் புதுத்துணி. எந்தக் கோலத்தில் நின்றால் பத்து நாளும் சுகமாக இருக்கும் என்று படுத்துப் பார்த்து மாற்றிக்கொண்டார்கள். "பேயாட்டம் வந்து நிக்காத" என்று கோமளா சொன்னதால் நானும் சவரம் செய்துகொண்டு வந்திருந்தேன்; அவசரத்தில் தாடையில் ஒரு வெட்டு, அதில் பேப்பர் துண்டு ஒட்டியிருந்தது. "மாப்பிள்ள மாதிரி மழமழன்னு வந்துகீறாருபா வேதாசலம்" என்றாள் தனபாக்கியம் அக்கா. எல்லாரும் பார்த்துச் சிரித்தார்கள். மதியின் மடியில் லேப்டாப், பக்கத்தில் சீட்டுகள், ஒரு சாப்பாட்டுத் தட்டில் கொள்ளாத அளவுக்கு.

நான் அவள் பக்கத்தில் போய்க் குந்தினேன்.

"மதி, போடுறதுன்னா போடு. ஆனா என்னை நிறுத்தாத."

"முடியாதுப்பா. நீ கேம்ல இருக்கியே. நைட்ல வேலைக்குப் போறவரு, முதல் மாடியில தூங்கி வழிஞ்சுட்டு வருவாரு, மேல மோதினா ஆட்டம் போச்சு. அது நீதான்."

யாரோ "சீக்கிரம்மா, லாரி வந்துடும்" என்றார்கள். அவளுடைய பத்து நாள் என் கண்முன்னால் அவள் விரல் நுனியில் இருந்தது. அப்போதுதான் ஞாபகம் வந்தது, எங்கிருந்து என்று தெரியவில்லை.

"ஏம்மா, ஓடிப்பிடிச்சு ஆடறப்ப ரொம்பச் சின்னது ஒண்ணு, மூணு வயசு நாலு வயசு, நானும் வருவேன்னு அழுதா என்ன பண்ணுவீங்க?"

"ஒப்புக்குச் சப்பாணின்னு சேத்துப்போம். ஓடலாம், ஆனா யாரும் அதைப் புடிச்சா அவுட் இல்ல. ஆட்டத்துல இருக்கும், கணக்குல வராது."

"என்னை அது மாதிரி சேத்துக்கோ."

அவள் என்னை ஏற இறங்கப் பார்த்தாள். நாற்பத்தேழு வயசு, தாடையில் பேப்பர் துண்டு. "நீயா? ஒப்புக்குச் சப்பாணியா?" என்று சொல்லிச் சிரிக்க ஆரம்பித்தாள், பல மாதத்துக்கு அப்புறம் கேட்ட சிரிப்பு, சிரித்துக்கொண்டே ஒரு வரி எழுதினாள், பொத்தானை அமுக்கினாள்.

அப்படி ஒரு அமைதியை நான் கேட்டதில்லை. பத்தொன்பது வருஷமாக மோட்டார் சத்தத்தில் வாழ்ந்தவன், சத்தம் நின்றால் ஏதோ கெட்டுவிட்டது என்று எழுந்து ஓடுகிறவன், என் கால்கள் தானாக எழுந்து எங்கேயோ ஓடப் பார்த்தன. பாயில் கோமளா ஒருக்களித்து, கண் பாதி மூடி. சாதிக் பாயின் கொட்டாவி பாதியில். தண்ணீர்க் குழாயிலிருந்து ஒரு சொட்டு விழாமல் தொங்கியது. காகம் ஒன்று காம்பவுண்டு சுவருக்கு மேலே காற்றில் அப்படியே நின்றது. இந்த அமைதிக்குள் என் மகள் தனியாக முந்நூறு நாள் கிட்ட இருந்திருக்கிறாள்.

"உடனே எடுத்துடு மதி. ரெண்டு தரம் அமுக்கு."

அவள் பொத்தான் மேல் விரலை வைத்தாள், அமுக்கவில்லை. "ஒரு ஆட்டம் ஆடிட்டுப் போயேன்ப்பா. யாருமே ஆடினதில்ல."

அது உண்மை. முப்பத்திரண்டு வீட்டில் ஒருத்தர்கூட அந்தக் கேமை ஆடிப் பார்த்ததில்லை. லேப்டாப்புக்கு உயிர் கொடுத்தேன் என்று ஊரெல்லாம் சொன்ன நானும் ஆடவில்லை.

ஆடினேன். ஒரு பெண் குடத்தோடு கீழ்த்தளத்தில் நிற்பாள், தண்ணீர் சிந்தாமல் மொட்டை மாடிக்கு ஏற வேண்டும். முதல் மாடியில் தூக்கத்தில் வருகிற ஆள், இரண்டாம் மாடியில் இடுப்பில் சாவிக்கொத்தோடு ஒரு அத்தை வழியை மறித்து எத்தனை மார்க் என்று கேட்பாள், பதில் சொல்வதற்குள் தண்ணீர் ஆவியாகிவிடும். முதல் ஆட்டத்தில் என்மேல் நானே மோதிச் செத்தேன். இருபத்தைந்தாவது ஆட்டத்தில் அத்தையைத் தாண்டினேன். "தாவுப்பா! தாவு! ஐயோ, உன் கையி இன்னாப்பா இரும்புக் கையி" என்று தலையில் அடித்துக்கொண்டாள். மூன்றாம் மாடி போரடிக்கிறது என்று சொன்னேன். முகம் சுருங்கியது, "நீ ஒழுங்கா ஆடல" என்றாள், காய் விட்டாள், பிறகு ஒரு பசி நேரம் என்னிடம் பேசாமல் உட்கார்ந்து மூன்றாம் மாடி முழுவதையும் அழித்து வேறு செய்தாள். நான் சீட்டுகளை எடுத்து என் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, முடிந்ததைச் செய்தேன், குடம் தூக்கினேன், துணி மடித்தேன். மடிக்கத் தெரியாது, ஏதோ மடித்தேன். ஒவ்வொரு தரம் அவளுக்குப் பசிக்கும்போதும் எடுத்துவிடலாமா என்பேன். "இரேன்ப்பா, இது மட்டும்" என்பாள். நான் விட்டேன். விட்டது சரியா என்று இன்றைக்கும் தெரியாது. அந்த நேரமும் அவளிடமிருந்துதான் போனது. ஆனால் அதை அவள் தனக்காகச் செலவழித்தாள், நாக்கை லேசாகக் கடித்துக்கொண்டு, நான் இருப்பதையே மறந்து.

பன்னிரண்டாவது பசியில் மொட்டை மாடி மட்டும் மிச்சம். "அங்க என்ன இருக்கும்னு தெரியல, நான் பாத்ததே இல்ல" என்றாள். தனபாக்கியம் அக்காவின் இடுப்பிலிருந்து சாவியை மெதுவாக எடுத்து, இரண்டு பேரும் ஏறிக் கதவைத் திறந்தோம். இரண்டு தண்ணீர்த் தொட்டி, உடைந்த ஆண்டெனா, நின்ற வெயில். வேறு ஒன்றும் இல்லை. அவள் நடுவில் போய்ச் சப்பணமிட்டு உட்கார்ந்தாள். "இது போதும்" என்றாள். கீழே வந்து எதையோ வரைந்தாள், எனக்குக் காட்டவில்லை, பொத்தானை இரண்டு தரம் அமுக்கினாள்.

சொட்டு விழுந்தது. சாதிக் பாய் கொட்டாவியை முடித்தார். எல்லாரும் சோம்பல் முறித்தார்கள், அப்புறம் முறைத்தார்கள்.

"இன்னாது இது? முப்பதே ஆவலியே. பாதிகூட இல்ல போலக்கீதே" என்று எழுந்த தனபாக்கியம் அக்கா என் பக்கம் திரும்பி அப்படியே நின்றாள். அம்பேல் எதுவும் போடாமலே நின்றாள்.

"யோவ் வேதாசலம். இன்னாய்யா தாடி?"

நான் தடவிப் பார்த்தேன். நான்கு நாள் தாடி, பெரும்பாலும் நரை. தாடை வெட்டு பொருக்குத் தட்டி ஆறியிருந்தது, பேப்பர் துண்டு எங்கே விழுந்ததோ.

"இப்பதானே மழமழன்னு பாத்தோம்" என்றார் சாதிக் பாய், குரல் இறங்கி.

பிள்ளை வளர்ந்ததைத் தினமும் பார்த்தவர்களுக்கு அது தெரியவில்லை. ஒரு கிழவனாகப் போகிறவன் முகத்தில் நான்கு நாளைப் பார்த்ததும் தெரிந்துவிட்டது. கிரேஸ் டீச்சர்தான் முதலில் அசைந்தார். மதியிடம் போய்க் குனிந்து, பாவாடையின் கீழ் ஓரத்தைத் திருப்பிப் பார்த்தார். பிரித்த மடிப்புகளின் தடம், ஒன்றுக்கு மேல் ஒன்றாக மூன்று. அவர் விரலால் ஒவ்வொன்றாகத் தொட்டுவிட்டு அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டார். "நான் எத்தனை தரம் கேட்டேன்" என்று யாரிடமோ கேட்டார். சாதிக் பாய் தன் விரலை மடக்கி எண்ண ஆரம்பித்தார், விரல் போதவில்லை. நான் பையிலிருந்து சீட்டுகளை எடுத்துக் கொடுத்தேன். ஆளுக்கு ஆள் தங்கள் கையெழுத்தைத் தேடி எடுத்துக்கொண்டு, பாயைச் சுருட்டிக்கொண்டு மாடியேறினார்கள்.

அதற்கப்புறம் ஒருவரும் கேட்கவில்லை. அந்தப் பொத்தானை மதியே பெயர்த்து என் காக்கிச் சட்டையில் மறுபடி தைத்துவிட்டாள், மேலிருந்து மூன்றாவது. முட்டி வலிக்கிறது, இடுப்பு வலிக்கிறது, என் கண்ணில் மணல் திரும்ப வந்தாயிற்று; காலையில் கோமளா ஐந்து நிமிஷம் படியில் உட்கார்ந்துவிட்டுத்தான் பஸ்ஸுக்குப் போகிறாள், குடத்தை நான் தூக்குகிறேன். சாயங்காலம் ஆறிலிருந்து ஏழு வரை மதி மொட்டை மாடியில் லேப்டாப்போடு உட்கார்ந்திருப்பாள், கதவு இப்போது பூட்டுவதில்லை. கடைக்குப் போய்வா என்று யாராவது அவளைக் கூப்பிட வாயெடுத்தால் படியில் நிற்கிற ஏதாவது ஒரு வாண்டு கையைத் தூக்கி "அம்பேல்!" என்கிறது, வந்தவர் திரும்பிப் போகிறார்.

கேமை ஆட வரிசையில் வருகிறார்கள். தனபாக்கியம் அக்கா முதல் நாளே வந்து, "அந்த அத்த நான்தானே? இவ்ளோ குண்டாவா கீறேன்?" என்று சண்டை போட்டுவிட்டு உட்கார்ந்தாள். "மேல போனா இன்னா கெடைக்கும்?" என்றாள். "ஒண்ணும் கெடைக்காது அத்தை, சும்மா" என்றாள் மதி. அக்கா லேப்டாப்பைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். "சரி, இன்னொரு வாட்டி போடு."

கேமில் நான் மொட்டை மாடிக்குப் போய்ச் சேர மாசி ஆகிவிட்டது. இரண்டு தொட்டி, உடைந்த ஆண்டெனா. குடத்தோடு வந்த பெண் உட்கார, அவளுக்குப் பக்கத்தில் தாடி வைத்த ஒரு ஆள் குந்தியிருக்கிறான். மோதினேன், ஒன்றும் ஆகவில்லை, திரும்ப மோதினேன், ஆட்டம் போகவில்லை. நான் மதியைப் பார்த்தேன். அவள் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

போன வருஷம் திரும்ப வராது. பக்கத்துப் பிளாக் பிள்ளைகளோடு அவள் நின்றால் தலை தனியாகத் தெரிகிறது, சில சமயம் விளையாட்டின் நடுவே விலகிப் போய் அவர்களைப் பெரிய மனுஷி மாதிரி பார்த்துக்கொண்டு நிற்கிறாள். புதுச் செருப்பு வாங்கியிருக்கிறோம், ஒரு விரல் இடம் விட்டு. தினமும் காலையில் வேலையிலிருந்து வந்ததும், உள்ளே போவதற்கு முன்னால், அதைத் திருப்பிப் பார்க்கிறேன். இன்றைக்கும் பார்த்தேன். குதிகால் தடம் உள்ளேதான் இருக்கிறது.